பேராசிரியரே அழைத்துச் செல்லும் வெளிநாட்டுக் கல்விப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு பேராசிரியர் தம் மாணவர்களைத் தாமே வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று, சில வாரங்களுக்குள் ஒரு பாடத்தை நடத்தி முடித்து, அதற்குக் கிரெடிட்டும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) வழங்கும் முறை இன்று மிகவும் பரவலாகிவிட்டது. இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை. தமிழ்நாட்டில் அத்தகைய பாடம் நடத்த விரும்பும் பேராசிரியர்களும், பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஓஹாயோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சொந்த ஊர் திருவையாறு. பன்னிரண்டு மாணவர்களை மூன்று வாரம் காவிரிப் படுகைக்கு அழைத்துச் சென்று நீர்ப்பாசனம் கற்பிக்க விரும்புகிறேன். கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், மதுரை, கொடைக்கானல் என்று பயணத் திட்டம் தயாராக இருக்கிறது. முன்மொழிவை எப்படித் தொடங்குவது?

பயணத் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் முன்மொழிவைப் படிக்கப் போகும் குழு முதலில் தேடுவது, எந்தெந்த ஊர்களுக்குப் போகிறீர்கள் என்பதை அன்று. உங்கள் வளாகத்து வகுப்பறையில் கற்பிக்க முடியாத எது அந்த ஊர்களில் இருக்கிறது என்பதைத்தான். இத்தகைய குழுவில் அமர்ந்து முன்மொழிவுகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொடைக்கானல் என்ற பெயரைக் கண்டதும் நீர்ப்பாசனப் பாடத்தில் அதற்கு என்ன வேலை என்று யாராவது ஒருவர் கேட்பார். மாணவர்களுக்கு ஓய்வு வேண்டாமா என்று நீங்கள் பதில் சொன்னால், அந்தக் கணமே உங்கள் பாடத்துக்குச் சுற்றுலா என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அதைக் கழுவுவது எளிதன்று.

உங்களிடம் இருக்கும் பொருளோ மிகச் செழிப்பானது. கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை இன்றும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீரைப் பிரித்து விடும் இடமாகச் செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பழைய அணையைக் கூர்ந்து ஆராய்ந்த ஆர்தர் காட்டன், 1830களில் அதற்கு மேலே முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதே முக்கொம்பில், 2018 ஆகஸ்டில், வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோதே கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. இன்னும் மேலே போனால் 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. பழைய தமிழ் நுட்பம், காலனிக் காலத்துப் பொறியியல், இருபதாம் நூற்றாண்டின் பெரிய அணை, நம் கண்முன்னே நடந்த ஓர் உடைப்பு ஆகிய நான்கையும் ஒரே ஆற்றின் ஓட்டத்தில், பேருந்தில் ஒரு நாளுக்குள் கடக்கக்கூடிய தொலைவில், மாணவர் நேரில் நின்று அளந்து பார்க்கலாம். ஓஹாயோவில் இருந்தபடியே இதைக் கற்பிக்க முடியாது என்பதை நீங்கள் வாதாட வேண்டிய தேவையே இருக்காது. இதனுடன், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்த தீர்ப்பையும் சேர்த்துக்கொண்டால், அரசியல், சட்டத் துறை மாணவர்களும் பெயர் கொடுக்க வழி பிறக்கும். மாணவர் சேர்க்கை எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாள்களைத் தேர்வதையும் பாடத்தின் பொருளே முடிவு செய்யட்டும். மேட்டூரிலிருந்து குறுவைப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மே முதல் பாதியில் வகுப்புகளை முடித்துவிடுவதால், பலர் கையோடு மே நடுவில் புறப்படத் திட்டமிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கத்திரி வெயிலில் வறண்ட ஆற்று மணலைத்தான் காண நேரும். ஜூன் 5 அளவில் போய்ச் சேர்ந்தால், வறண்ட கால்வாயையும், அதே கால்வாயில் தண்ணீர் வந்து சேரும் நாளையும் மாணவர் இரண்டையும் பார்ப்பார்கள். ஆனால் ஜூன் 12 என்பது உறுதியான நாளன்று. 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2024இல் அணையில் இருப்பு இல்லாமல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. தண்ணீர் வராத ஆண்டில் உங்கள் பாடம் என்னவாகும் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். நிலத்தடி நீர், ஆழ்துளைக் கிணறு, கடைமடைப் பகுதியில் உவர் ஏறுதல், நேரடி விதைப்பு என்று வறட்சியின் பாடம் இன்னும் கனமானது. இந்தப் பத்தியை எழுதியவரைக் குழு நம்பும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. பலர் தடுமாறும் இடம் இது. கூட்டாட்சி அரசின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ பதினைந்து வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர வெளிவேலையும் ஆகும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணி நேர வகுப்பும் 90 மணி நேர வெளிவேலையும் ஆக 135 மணி நேரம். இதை மூன்று வாரத்துக்குள் திணித்தால், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும் ஏழரை மணி நேரம் வரும். ஜூன் மாதத் தஞ்சாவூரில் அது நடக்காது. ஆகவே வசந்தகாலப் பருவத்திலேயே சில வகுப்புகளை வைத்து, வாசிக்க வேண்டியதை அப்போதே வாசிக்கச் செய்து, இறுதி அறிக்கையைத் திரும்பி வந்தபின் வாங்குங்கள். பேருந்தில் செல்லும் நேரத்தையும் கோயில் வாசலில் செருப்பு விடும் நேரத்தையும் வகுப்பு நேரமாக எண்ணாதீர்கள். மதகடியில் நின்று நீரோட்டத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதச் செய்யும் இரண்டு மணி நேரத்தைத் தயங்காமல் எண்ணுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, அன்று மாணவர் செய்யும் வேலையையும் அதற்கு எவ்வாறு மதிப்பெண் இடுவீர்கள் என்பதையும் எழுதிவிட்டால், பயணத் திட்டம் தானாக உருவாகிவிடும். மாமல்லபுரமும் மதுரையும் அதில் இடம்பெறுகின்றனவா என்பதை அப்போது பாருங்கள்.

மூன்று வாரத்தில் யார் என்ன கற்றுவிட முடியும்? பேராசிரியர்கள் மாணவர் செலவில் ஊர் சுற்றும் ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. — நியூ ஜெர்சி வாசகர்

சில பயணங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அவற்றைத் தடுக்கத்தான் மேலே சொன்ன குழுக்கள் இருக்கின்றன.

அமெரிக்காவில் இளங்கலை மாணவர்களை வெளிநாட்டில் படிக்க அனுப்பும் முறை, 1923இல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட் எட்டு மாணவர்களுடன் பிரான்சுக்குக் கப்பலேறியதிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவர்கள் ஓராண்டு தங்கிப் படித்தார்கள். பிரெஞ்சு மொழி பிடிபடுவதற்கு அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. இன்றோ வெளிநாடு செல்லும் அமெரிக்க மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கோடைக்காலப் பயணமாகவோ எட்டு வாரத்துக்கு உட்பட்ட பயணமாகவோதான் செல்கிறார்கள். ஓராண்டுப் பயணத்தின் கனம் மூன்று வாரத்துக்குக் கிடையாது என்பதை நான் மறுக்கவில்லை. மொழி கற்க வேண்டுமானால் மூன்று வாரம் போதவே போதாது, அதற்கு மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நடத்தும் தமிழ் வகுப்பு போன்ற நீண்ட படிப்புகளே தக்கவை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர், செவிலியர் படிப்பு, பொறியியல் போன்று ஒவ்வொரு பருவமும் இறுகக் கட்டப்பட்ட படிப்புகளில் இருப்பவர், குழந்தை உள்ளவர் ஆகியோருக்கு மூன்று வாரமா ஓராண்டா என்ற தேர்வே கிடையாது. அவர்களுக்கு மூன்று வாரம் அல்லது ஒன்றுமில்லை. கௌச்சர் கல்லூரி 2006 முதல் தன் இளங்கலை மாணவர் அனைவரும் ஒரு முறையாவது வெளிநாட்டில் படித்தாக வேண்டும் என்று விதித்தபோது, பேராசிரியர் நடத்தும் மூன்று வாரப் பாடங்களும் அந்த விதியை நிறைவேற்றும் வழிகளில் ஒன்றாக இருந்தன.

முன்மொழிவை எவ்வளவு காலத்துக்கு முன் கொடுக்க வேண்டும்? என் அண்ணன் கும்பகோணத்தில் டிராவல்ஸ் நடத்துகிறார். வண்டி, தங்குமிடம் எல்லாம் அவரே மலிவாக ஏற்பாடு செய்துவிடுவார். இதை முன்மொழிவில் எழுதினால் பலமாக இருக்குமா? — இல்லினாய்ஸ்

பயணத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்கு முன். துறைத் தலைவர், டீன், வெளிநாட்டுக் கல்வி அலுவலகம், அதன் ஆசிரியர் குழு, இடர் மேலாண்மை அலுவலகம், ஒப்பந்தங்களைப் பார்க்கும் சட்டப் பிரிவு என்று கோப்பு நகர வேண்டும். அதன்பின் மாணவர் சேர்க்கைக்கு ஒரு பருவம் முழுதாக வேண்டும். கோப்பு எழுதுவதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்குப் போய் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். எந்த நாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு பயணங்கள் இருக்கின்றன, எந்தக் கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் உறங்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் விஷயம் பலமன்று, பலவீனம். உங்கள் குடும்பத்தார் நடத்தும் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகப் பணம் போவது நலமுரண் ஆகும். அதை மறைத்தால் வேலைக்கே ஆபத்து, வெளிப்படையாகச் சொன்னாலும் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அண்ணன் எவ்வளவு நாணயமானவர் என்பது இங்கே கேள்வியே இல்லை. நாளை அந்த வண்டி விபத்துக்குள்ளானால், மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கி, காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்று பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். பேராசிரியரின் அண்ணன் வண்டி என்று சொல்ல முடியாது. அண்ணனிடம் நல்ல ஓட்டுநர்கள் யார், எந்த விடுதியில் ஜெனரேட்டர் வேலை செய்கிறது என்று தாராளமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் எதிலும் நீங்கள் கையெழுத்திடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடுதி முன்பதிவுப் படிவமானாலும், உள்ளூர்க் கல்லூரியின் முதல்வர் அன்போடு நீட்டும் புரிந்துணர்வு ஒப்பந்தமானாலும், பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் அதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலருக்கு மட்டுமே உண்டு. நம் ஊரில் முதல்வர் நீட்டிய தாளைத் திருப்பித் தருவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்துவிட்டால் அந்தச் சங்கடம் நேராது.

சொந்த ஊர் என்பதால் நமக்குக் கிடைக்கும் தைரியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மொழி தெரியும், மனிதர்கள் தெரியும், எது நடந்தாலும் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தில் எழுதப்படும் முன்மொழிவுகளில், எழுத்தில் இருக்க வேண்டிய பாதி எழுதியவரின் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நீங்கள் தஞ்சாவூரில் காய்ச்சலில் படுத்துவிட்டால், பயணத்தை உங்களோடு சேர்ந்து நடத்தும், தமிழே தெரியாத இணைத் தலைவர் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு மறுநாள் பாடத்தை நடத்த முடிய வேண்டும். இணைத் தலைவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் உங்கள் மனைவியாகவோ கணவராகவோ இருப்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

ஒரு மாணவருக்கு எவ்வளவு கட்டணம் வரும் என்று எப்படிக் கணக்கிடுவது? — மிச்சிகன்

செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை மாணவர் வந்தாலும் மாறாத செலவு ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று வரும் செலவு இன்னொன்று. இரு தலைவர்களின் விமானச் சீட்டு, அவர்கள் தங்கும் செலவு, பேருந்து வாடகை, உள்ளூர் ஒருங்கிணைப்பாளரின் ஊதியம், சிறப்புரையாளர்களுக்கான மதிப்பூதியம் ஆகியவை மாறாதவை. மாணவரின் அறை, உணவு, நுழைவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை தலைக்கு வருபவை.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு: மாறாத செலவு 18,000 டாலர், தலைக்கு 2,200 டாலர் என்று வைத்துக்கொண்டால், 15 மாணவர் வந்தால் ஒருவருக்கு 3,400 டாலர், 10 பேர் வந்தால் 4,000, 8 பேர் என்றால் 4,450. பதினைந்து பேர் வருவார்கள் என்ற நம்பிக்கையில் 3,400 என்று அறிவித்துவிட்டுப் பத்துப் பேரோடு புறப்பட்டால் 6,000 டாலர் துண்டு விழும். அதை உங்கள் துறை ஏற்க வேண்டும். ஆகவே குறைந்தபட்ச எண்ணிக்கையை வைத்தே கட்டணத்தை நிர்ணயியுங்கள். ரூபாய் மதிப்பு மாறுவதற்கும், யாராவது ஒருவர் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் இணைத் தலைவர் அவருடன் கூடுதலாகத் தங்குவதற்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும்.

இந்தக் கட்டணத்தோடு மாணவரின் விமானச் சீட்டு, விசா, தடுப்பூசி, மூன்று கிரெடிட்டுக்கான பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம் ஆகியவையும் சேரும் என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். வசதி குறைந்த மாணவருக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகையைப் பெறுபவர்கள், வெளிநாட்டில் படிப்பதற்கான கில்மன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது 5,000 டாலர் வரை கிடைக்கும். ஆனால் குறைந்தபட்ச நாள் எண்ணிக்கை போன்ற விதிகள் அதற்கு இருக்கலாம். விமானத்தில் செலவாகும் நாள்களை எண்ணி ஏமாறாமல், அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டுப் பயண நாள்களை முடிவு செய்யுங்கள். ஒரு நாள் குறைந்ததால் உங்கள் மாணவரில் ஏழைகள் மட்டும் வாய்ப்பிழப்பது நியாயமாகாது. விசாரிக்காமலே பலர் தவறவிடும் ஒன்று இது.

எல்லா ஏற்பாட்டையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. சி.ஐ.இ.இ. போன்ற அமைப்புகள் பேராசிரியருக்கென்றே தனிப் பயணம் வடிவமைத்துத் தருகின்றன. செலவு கூடும், உங்கள் தலைவலி குறையும். முதல் முறை செல்பவருக்கு, அதிலும் ஊர் தெரியாதவருக்கு, அந்தக் கூடுதல் செலவு தகும் என்பதே என் கருத்து.

மூன்று வாரம்தானே, எல்லோரும் இ-டூரிஸ்ட் விசாவில் போய்விடலாமா? — பென்சில்வேனியா

பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரால் எழுதும் முன்மொழிவில் அதை அப்படியே எழுதிவிட முடியாது. உள்ளூர் மொழி, இசை, நடனம், கைவினை, சமையல் போன்றவற்றில், ஆறு மாதத்துக்கு மேற்படாத, முறையான பாடத்திட்டமாக அமையாத, தகுதிச் சான்றிதழ் தராத குறுகிய படிப்புகளை இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசா அனுமதிக்கிறது. உங்கள் பாடத்துக்கோ கிரெடிட் உண்டு. அதை வழங்குவது அமெரிக்கப் பல்கலைக்கழகம், இந்தியக் கல்லூரி அன்று. உள்ளூர்க் கல்லூரியில் பெயர் பதிந்து வகுப்பில் அமர்ந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. எந்த வகை விசா பொருந்தும் என்பதை உங்கள் வெளிநாட்டுக் கல்வி அலுவலகம் வாயிலாக இந்தியத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலைக் கோப்பில் வையுங்கள்.

ஒரே வகுப்பில் பல நிலை மாணவர் இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பாகிஸ்தான் வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களே ஆனாலும் இ-விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. வழக்கமான விசாவுக்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் அவர்களுக்கென்று விண்ணப்பக் கெடுவை முன்னே தள்ளுங்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு விசா வேண்டாம். ஆயினும் 2021ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஆராய்ச்சிக்குத் தனி அனுமதி தேவை. இது மாணவரைவிட உங்களுக்கே பொருந்தக்கூடும், ஏனெனில் பயணத்தோடு பயணமாகக் கொஞ்சம் கள ஆய்வும் செய்துவிடலாம் என்று நினைக்காத பேராசிரியர் அரிது. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் அமெரிக்காவில் படிக்கும் சீன, நேபாள மாணவர் சேர்ந்தால், அவர்கள் திரும்பி உள்ளே வருவதற்கு, பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பமும் காலாவதியாகாத அமெரிக்க விசாவும் வேண்டும்.

நண்பர்கள் வீட்டில் மாணவர்களைத் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும், அது வீடே ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இருப்பதை அந்த நண்பர்களிடம் சொல்லுங்கள். சி படிவம் என்று விடுதிக்காரர்கள் சொல்லும் அதே பதிவுதான்.

என் மகளின் பேராசிரியர் அவளை இந்தியாவுக்கு மூன்று வாரம் அழைத்துச் செல்கிறார். அவர் தமிழர் அல்லர். ஒரு தாயாக நான் அவரிடம் என்னென்ன கேட்கலாம்? — கலிபோர்னியா

பதினெட்டு வயது கடந்த மகள் என்பதால் பல விவரங்களை அவர் உங்களிடம் நேரே சொல்ல முடியாது; மகள் வழியாகக் கேளுங்கள். இரவில் ஒரு மாணவருக்கு வயிற்றுப்போக்கு கடுமையானால் எந்த மருத்துவமனை, யார் உடன் போவார், மற்றவர்களோடு யார் இருப்பார் என்ற ஒரு கேள்வி போதும். தயாரிப்பின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். நோயாளியை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுசெல்லும் செலவை ஏற்கும் மருத்துவ வெளியேற்றக் காப்பீடு உண்டா, மருத்துவமனை முன்பணம் கேட்டால் யார் கட்டுவது என்பவை அடுத்தவை.

எச்சரிக்கைகளை எழுத்தில் கொடுத்தார்களா என்றும் பாருங்கள். கனெக்டிகட்டில் உள்ள ஹாட்ச்கிஸ் உறைவிடப் பள்ளி 2007இல் மாணவர்களைச் சீனாவுக்கு அழைத்துச் சென்றபோது, ஒரு மாணவிக்கு உண்ணிக் கடியால் மூளை அழற்சி ஏற்பட்டுப் பேச்சு போயிற்று. பூச்சிக் கடியைப் பற்றிப் போதிய எச்சரிக்கை தரவில்லை என்று தொடுத்த வழக்கில் 2013இல் நடுவர் குழு 41.5 மில்லியன் டாலர் இழப்பீடு வழங்கியது. அத்தகைய எச்சரிக்கை தரும் கடமை பள்ளிக்கு உண்டென்று 2017இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே மாணவி சிறுமி, உங்கள் மகள் வயது வந்தவர். இருந்தும் அதன் பிறகு பல்கலைக்கழகங்களின் முன்பயண வகுப்புகளில் கொசு, உண்ணி, தெருநாய் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. இந்தியாவைப் பொறுத்தவரை தெருநாய்க் கடியே முதலில் சொல்ல வேண்டியது. கடித்தால் காயத்தைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி அன்றே ஊசி போட வேண்டும், கடித்ததைப் பேராசிரியரிடம் மறைக்கக் கூடாது.

அமெரிக்கப் பிள்ளைகள் கனவிலும் நினையாத சில சட்டங்களையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள். இ-சிகரெட் விற்பனையும் இறக்குமதியும் இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்டவை. கலிபோர்னியாவில் கடையில் வாங்கும் கஞ்சா மிட்டாய் பையின் மூலையில் கிடந்தாலும் அங்கே போதைப்பொருள் வழக்கு. தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21. கவனக் குறைபாட்டுக்கு அடெரால் எடுத்துக்கொள்ளும் மாணவர், அது இந்தியக் கடைகளில் கிடைக்காது என்பதையும், அந்த வேதிப்பொருள் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதையும் அறிந்து, மாற்று மருந்தைப் பற்றி மருத்துவரிடம் மாதங்களுக்கு முன்பே பேச வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அவசரத் தொடர்புக்கென்று செயற்கைக்கோள் கருவியைப் பேராசிரியர் கையில் கொடுத்தனுப்புவது உண்டு. இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே கைது செய்கிறார்கள். மகளின் பேராசிரியரிடம் அது இருந்தால், வீட்டிலேயே விட்டுவரச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவி.

டெக்சாஸில் கலை வரலாறு கற்பிக்கிறேன். சோழர் கோயில்களைப் பற்றிய பாடத்துக்கு முன்மொழிவு எழுதுகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் அல்லர். ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். இதை எப்படி எழுதுவது?

எவருடைய மதிப்பெண்ணும் கருவறைக்கு அருகே போவதைப் பொறுத்து அமையாதவாறு பாடத்தை வடிவமையுங்கள். பல கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதாருக்கு அனுமதி இல்லை. பழனிக் கோயிலில் அதைப் பலகையாக வைக்கும்படி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வகுப்பில் இரண்டு இந்து மாணவர் உள்ளே போய் அர்த்தமண்டபத்தைப் பார்த்துவிட்டு வர, மற்றவர் வெளியே காத்திருப்பது பாடமாகாது. கருவறைக்கு மேல் எழும் விமானம், சுவர் மாடங்களில் உள்ள கோட்டச் சிற்பங்கள், வெளிச்சுவர்க் கல்வெட்டுகள் ஆகியவற்றை வைத்தே மூன்று வாரத்துக்கு மேல் கற்பிக்கலாம். செப்புத் திருமேனிகளைக் கோயிலில் பட்டும் மாலையும் மூடிய நிலையில்தான் காண முடியும். அவற்றின் உடலைப் படிக்க எழும்பூர் அருங்காட்சியகமும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடமுமே உகந்தவை. இதைக் குறையாக எழுதாமல், வழிபடப்படும் திருமேனியையும் காட்சிக்கு வைத்த திருமேனியையும் ஒப்பிடும் பயிற்சியாக எழுதுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயில் போன்ற இடங்களில் கைபேசியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். எந்நேரமும் கைபேசியில் மாணவரைத் தொடர்புகொள்வோம் என்று பாதுகாப்புத் திட்டத்தில் எழுதிவிட்டு அங்கே போனால் அந்தத் திட்டம் வாசலோடு நின்றுவிடும். கூடும் இடம், நேரம், இருவர் இருவராகச் செல்லுதல் என்று பழைய முறையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி பற்றி: அந்த மாணவரிடமே முதலில் பேசுங்கள். உயர்ந்த நிலைப்படிகள், சரளைக்கல், படி மட்டுமே உள்ள வாயில்கள் எங்கெங்கே என்று அவருக்குப் படத்துடன் தெரிவித்தால், எது தமக்கு முடியும் என்று அவரே சொல்வார். உங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் சேவை அலுவலகத்தைச் சேர்க்கை முடிந்தபின் அன்று, முன்மொழிவு எழுதும்போதே அணுக வேண்டும். ஓர் இடம் எவ்வகையிலும் இயலாது என்றால், அந்த மாணவரை வண்டியில் உட்காரவைப்பதைவிட, அந்த இடத்தை எல்லோருக்குமே நீக்கிவிட்டு வேறோர் இடத்தை வைப்பது நல்லது. கங்கைகொண்டசோழபுரத்தின் திறந்த புல்வெளி வளாகத்தை முதலில் பாருங்கள்.

டெனியூர் (பேராசிரியருக்கு நிரந்தரப் பணி உறுதி) கிடைப்பதற்கு முன் இதில் இறங்கலாமா? — வர்ஜீனியா

தலைவராக வேண்டாம். ஒரு முன்மொழிவும் ஒரு பயணமும் சேர்ந்து ஒரு நல்ல கட்டுரைக்கான காலத்தை விழுங்கும். பெரும்பாலான துறைகளில் அது சேவை என்ற பத்தியில் ஒரு வரியாகத்தான் நிற்கும். மூத்தவர் ஒருவரின் பயணத்தில் இணைத் தலைவராகப் போங்கள். கற்பித்தலையே முதன்மையாக மதிப்பிடும் சிறு கல்லூரியில் இருந்தால் என் பதில் வேறு.

எல்லாம் ஒப்புதலாகி, ஏழு மாணவர் மட்டுமே பெயர் கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பேர் வேண்டும். என்ன செய்வது? — மினசோட்டா

பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் எது என்று விடுதி, பேருந்து ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பான ஒரு நாளை முடிவு நாளாக வைத்து, அதை அந்த ஏழு பேரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்; விமானச் சீட்டு வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதற்குள், மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிராமல், மற்ற துறைகளின் வகுப்புகளுக்கு நேரே போய்ப் பத்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். ஏழு பேரில் இருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள், மாணவர் சொல்லே மாணவரிடம் எடுபடும். உங்கள் பாடம் பொதுக் கல்வித் தேவைகளில் ஒன்றை நிறைவேற்றும் என்று பதிவாளர் ஒப்புக்கொண்டால் மூன்று பேர் கிடைப்பது கடினமன்று. அதை முன்மொழிவிலேயே கேட்டிருக்கலாம், இப்போதும் கேட்கலாம். அந்த நாளுக்குள் பத்து சேராவிட்டால், டீன் பற்றாக்குறையை ஏற்பதாக எழுத்தில் தந்தாலொழிய ரத்து செய்துவிட்டு, அதே கோப்பை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கும்படி வெளிநாட்டுக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஏழு பேரில் அடுத்த ஆண்டும் படிப்பில் இருப்பவர் யார் யார் என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.